அடுத்த பதிப்பை வெளியிடும் முன்: செயலி உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கைப்பேசிச் செயலிகளை வடிவமைப்போர், நிரல் எழுதுவோர், சோதிப்போர், இறுதியில் ‘வெளியிடலாம்’ என்று ஒப்புதல் தருவோர் அனைவருக்கும்

வணக்கம்.

நான் திருச்சிராப்பள்ளியில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறவியிலேயே பார்வையற்றவன், பூவிருந்தவல்லியில் பிரெயில் பயின்று, பின்னர் நண்பர்கள் வாசிக்கக் கேட்டே பட்டம் பெற்றவன். எண்பத்து நான்கு வயதான என் தாயார் என்னுடன் இருக்கிறார். அவருக்குப் பார்வை உண்டு. ஆனால் இரு கண்களிலும் புரை நீக்கிய பிறகும் சிறிய எழுத்து தெரியாது, வலது கை எப்போதும் சற்று நடுங்கும். எங்கள் இருவரின் கைப்பேசிகளிலும் சேர்த்து, அன்றாடத் தேவைக்கென்று வைத்திருக்கும் செயலிகள் பன்னிரண்டு. அவற்றுள் பிறர் துணையின்றித் தொடக்கம் முதல் முடிவு வரை எங்களால் பயன்படுத்த முடிகிறவை நான்கு மட்டுமே என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானைக் கொண்டு இயங்குபவரோ, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவரோ, உங்கள் செயலியின் முதன்மையான வேலையை முடிக்க இயலாமற்போனால், அதைப் ‘பின்னர் பார்க்கலாம்’ என்ற பட்டியலில் சேர்க்காமல், பதிப்பு வெளியாவதையே நிறுத்தும் முதல் நிலைப் பிழையாகப் பதிவு செய்யுங்கள். ‘பணம் அனுப்பு’ என்பதைத் தொட்டதும் செயலி மூடிக்கொண்டால் அந்தப் பதிப்பை நீங்கள் வெளியிட மாட்டீர்கள். இரவோடு இரவாக உட்கார்ந்து சரிசெய்வீர்கள். அந்தப் பட்டன் அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை என்றால், என்னளவில் அதுவும் மூடிக்கொண்ட செயலிதான்.

செயலிகளால் எங்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இழப்பின் அளவு அதிலிருந்துதான் விளங்கும். என் தலைமுறைப் பார்வையற்றவர்களுக்குப் பணம் எப்போதும் எதிரில் நிற்பவரின் நேர்மையைச் சார்ந்திருந்தது. நோட்டின் நீள அகலத்தை விரலிடுக்கில் வைத்து அளந்து பழகியிருந்தோம். 2016-க்குப் பிறகு புதிய அளவுகளில் நோட்டுகள் வந்து பழையவற்றுடன் கலந்தபோது அந்தப் பழக்கமும் கைவிட்டது. நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியை இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது. பயனுள்ளதுதான், ஆனால் நெரிசலான பேருந்தில் நடத்துநர் முன் நின்றுகொண்டு நோட்டைப் படம் பிடிப்பது எளிதான காரியமன்று. யுபிஐ வந்த பிறகே மீதிச் சில்லறை என்ற கவலை ஒழிந்தது. எவ்வளவு கொடுத்தேன், கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பதை என் காதுக்குள் என் கைப்பேசியே சொன்னது. கடைக்காரரின் மேசையில் இருக்கும் சிறு ஒலிப்பெட்டி ‘ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று அறிவிக்கும்போது எனக்கும் சேர்த்தே அறிவிக்கிறது. வேலை மும்முரத்தில் திரையைப் பார்க்க முடியாத வணிகருக்காகச் செய்யப்பட்ட கருவி, வண்டியில் ஊதுபத்தி விற்கும் பார்வையற்ற என் நண்பருக்கு எந்தச் சலுகையும் கேட்காமலே பொருந்திவிட்டது. நல்ல வடிவமைப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். நான் கணக்கு வைத்துள்ள வங்கியின் செயலி சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. திரை அழகாக மாறியிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். முந்தைய பதிப்பில் விரலை வலப்புறம் தள்ளத் தள்ள ‘பணம் அனுப்பு, பட்டன்’, ‘கரண்ட் பில், பட்டன்’ என்று டாக்பேக் வரிசையாகச் சொல்லும். வேண்டியது வந்ததும் இருமுறை தட்டினால் போதும். புதிய பதிப்பில் அது சொன்னது: ‘பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன்.’ எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது. பையனை உட்கார வைத்து ஒவ்வொன்றும் எது என்று கேட்டு, நான்காவது தள்ளலில் மின் கட்டணம், ஆறாவதில் பணம் அனுப்புதல் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். பன்னிரண்டு நாள் அது வேலை செய்தது. பிறகு முகப்பில் ஒரு கடன் விளம்பரம் நடுவே புகுந்தது. வரிசை ஒன்று தள்ளிப்போக, மின் கட்டணம் செலுத்துவதாக எண்ணிக்கொண்டு தனிநபர் கடனுக்கான விண்ணப்பத்தைத் திறந்துவிட்டேன். அதையாவது சிரித்துக்கொண்டே மூடிவிடலாம். உள்நுழைவுக்கான இரகசிய எண்ணை அழுத்தும் பலகையிலும் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள்: பாதுகாப்புக்காக எண்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறின, எண்கள் எழுத்தாக இல்லாமல் படங்களாக இருந்தன. எழுத்தாக இருந்தால் இடம் மாறினாலும் திரைவாசிப்பான் படித்துவிடும். படங்களை எப்படிப் படிக்கும்? அன்று மின் கட்டணத்துக்குக் கடைசி நாள். என் இரகசிய எண்ணை அந்தப் பையனிடம் சொன்னேன், அவன் அழுத்தினான்.

உங்கள் இரகசிய எண்ணை எவரிடமும் பகிராதீர்கள் என்று அதே வங்கி வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. பகிர்வதைத் தவிர வேறு வழியில்லாத செயலியையும் அதே வங்கிதான் தந்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு விரிவாக எழுதினேன். மூன்றாம் நாள் மிகவும் பணிவான பதில் வந்தது. சிக்கல் எங்கே ஏற்படுகிறது என்பதைத் திரைப்படிமம் எடுத்து இணைத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

அந்த ஒன்பது பட்டன்களுக்கும் பெயர் வைக்க ஆகும் உழைப்பு எவ்வளவு என்பதை உங்களில் நிரல் எழுதுவோர் அறிவீர்கள். ஆண்ட்ராய்டில் அதற்கென்று ஒரு பண்பு இருக்கிறது. ஐபோனிலும், ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் என்னும் செயலி உருவாக்கும் கருவிகளிலும் அதற்கு இணையானவை இருக்கின்றன. பட்டன் ஒன்றுக்கு ஒரு வரி. ஐபோனில் வாய்ஸ்ஓவரும், ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் 2009-லேயே வந்துவிட்டன. ஆகவே இது தொழில்நுட்பம் இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கும் பழம் என்று எவரும் சொல்ல முடியாது. பெயர் வைக்கும்போது இரண்டு செய்திகளை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். திரை தமிழில் இருந்தால் பெயரும் தமிழில் இருக்கட்டும். அந்த உரை எந்த மொழி என்பதையும் நிரலில் குறிப்பிடுங்கள், இல்லையேல் தமிழ்ச் சொற்களை ஆங்கிலக் குரல் மென்று துப்புவதைக் கேட்க நேரிடும். ‘பட்டன்’ என்ற சொல்லை நீங்கள் பெயரோடு சேர்க்க வேண்டாம். அதைத் திரைவாசிப்பானே சொல்லும். சேர்த்தால் ‘பணம் அனுப்பு பட்டன், பட்டன்’ என்று ஒலிக்கும். இது சிறு குறைதான், ஆனால் நாளொன்றுக்கு நூறு முறை கேட்பவருக்குச் சிறியதன்று. இன்னொன்று, எங்கள் கூட்டங்களில் சிரிப்புக்குரியது: பத்து இலக்கக் கைப்பேசி எண்ணைச் சில செயலிகள் எண்ணாகவே விட்டுவிடுவதால், குரல் அதைத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி என்று தொகை வாசிப்பதுண்டு. அந்த நொடிக்கு நாங்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள்.

என் தாயாரின் சிக்கல் வேறு வகை. அவருக்குத் திரை பேச வேண்டியதில்லை, பெரிதாக இருந்தால் போதும். கைப்பேசி அமைப்பில் எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருக்கிறார். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை இருநூறு விழுக்காடு வரை பெரிதாக்க முடிகிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லின் அகலத்தை அளந்து கட்டிய பெட்டிக்குள் தமிழை ஊற்றினால் என்ன ஆகும் என்பதை உங்கள் வடிவமைப்பாளர்கள் பார்ப்பதேயில்லை போலும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேலே இகர, ஈகாரக் குறிகளும், கீழே உகர, ஊகாரக் குறிகளும் உடையவை. பெட்டியின் உயரத்தை இறுக்கிவிட்டால் ‘கி’ எது, ‘கீ’ எது என்று தெரியாமல் தலை வெட்டுண்டு நிற்கும். அகலத்தை இறுக்கினால் நேர்வது அதைவிட ஆபத்தானது. ஒரு செயலி என் தாயாரின் விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குத் தர இசைவு கேட்டது. கீழே இரண்டு பட்டன்கள். ஒன்றில் ‘அனுமதிக்…’ என்றும் மற்றொன்றில் ‘அனுமதிக்…’ என்றும் இருப்பதாக அவர் படித்துக் காட்டினார். எழுத்தைச் சிறிதாக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று ‘அனுமதிக்கிறேன்’, மற்றது ‘அனுமதிக்கவில்லை’ என்பது தெரிந்தது. தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் வாலை வெட்டினாலும் முதலில் நிற்கும் மறுப்புச் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் வாலை வெட்டினால் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒன்றாகிவிடும். ஆகவே தமிழ்ப் பட்டனில் முப்புள்ளி போட்டு வெட்டாதீர்கள். உரை அடுத்த வரிக்கு மடங்கட்டும், பெட்டி உயரட்டும், இரண்டு பட்டன்கள் அருகருகே இடம் கொள்ளாவிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும்.

அவருடைய கை நடுக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ‘செலுத்த வலப்புறம் இழுக்கவும்’ என்ற பட்டையைப் பாதி வரை இழுத்தால் விரல் துள்ளும், பட்டை மீண்டும் தொடக்கத்துக்கே ஓடிவிடும். ஒரு முறை பதினொரு தடவை முயன்று, பிறகு கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருப்பதையே அணுகல்தன்மை என்கிறார்கள்; உலகளாவிய இணைய அணுகல்தன்மை நெறிகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இழுத்துச் செய்யும் எந்தச் செயலுக்கும் தொட்டுச் செய்யும் மாற்று வழி ஒன்று இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல், தொடும் இடம் ஒவ்வொன்றும் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் இருக்கட்டும் என்கிறது. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி மட்டும் ஏன் எப்போதும் கடுகளவில் இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். அதை நீங்களே அறிவீர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்தை எழுதும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்று அந்த நெறிகள் 2008 முதல் கூறிவருகின்றன.

பிழைச் செய்திகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முதியவர்கள் ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று கைப்பேசியைக் கீழே வைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அடையாளம் சரிபார்க்கும் செயலி ஒன்று என் தாயாரின் முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்லியது. தலை சற்று ஆடும் அவர் வட்டத்துக்குள் நிற்க முயன்றுகொண்டிருக்கையில், திரையின் அடியில் ஏதோ ஓர் ஆங்கில வாசகம் தோன்றி மறைந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னதா, வெளிச்சம் போதாது என்றதா, இமைக்கச் சொன்னதா என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்பேக் இயங்காத அவர் கைப்பேசியில் அதை எனக்குச் சொல்வாரும் இல்லை. மூன்று முறை முயன்றதும் இருபத்துநான்கு மணி நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டது. செய்தியைத் தமிழில் எழுதி, அவராக ‘சரி’ என்று தொடும் வரை அதைத் திரையில் நிற்க விட்டிருந்தால் போதும். ஓடிபிக்கான கால அளவும் இப்படித்தான். குறுஞ்செய்தியைத் திறந்து, கேட்டு, நினைவில் நிறுத்தி, மீண்டும் செயலிக்கு வருவதற்குள் முப்பது நொடி முடிந்துவிடுகிறது. சில செயலிகள் வெளியே போய்த் திரும்பினாலே முதல் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. எண்ணைத் தானாக நிரப்பும் வசதியை இயக்குங்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், கால அளவை நீட்டிக்க ஒரு வழி கொடுங்கள். இவை எல்லாம் எழுதப்பட்ட நெறிகளில் ஏற்கெனவே உள்ளவை.

காணொலி வழி வாடிக்கையாளர் சரிபார்ப்பில் ‘திரையில் வரும் நான்கு எண்களை உரக்கச் சொல்லுங்கள்’ என்று காது கேளாத, பேச இயலாத ஒருவரிடம் கேட்பதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் சொன்னால் உங்களிடமிருந்து வரும் மறுமொழிகளில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன்: பாதுகாப்பு. திரையில் உள்ளதைப் படிக்கும் அனுமதியைத் தீய செயலிகள் தவறாகப் பயன்படுத்திப் பணத்தைத் திருடுவது உண்மை. அதனால்தான் சில நிதிச் செயலிகள், அணுகல்தன்மைச் சேவை எதுவாவது இயங்கினாலே திறக்க மறுக்கின்றன. ஆனால் டாக்பேக்கும் அதே வாசலைத்தான் பயன்படுத்துகிறது. திருடன் வருகிறான் என்று தெருவையே அடைத்துவிட்டால் வீட்டுக்காரன் எவ்வழியாகப் போவான்? ஆண்ட்ராய்டு 14-இல் இதற்கு விடை இருக்கிறது: இரகசியமான ஒரு பெட்டியை மறைவாகக் காக்க வேண்டிய தரவு என்று நிரலில் குறித்துவிட்டால், உண்மையான உதவிக் கருவி என்று தன்னை அறிவித்துக்கொண்ட சேவைகள் மட்டுமே அதைப் படிக்க முடியும். வடிகட்டி வந்துவிட்ட பிறகும் கதவை முழுவதும் அடைத்தே வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க இயலவில்லை. வேலையைக் குறைத்துக்கொள்ளும் வழி என்றே தோன்றுகிறது.

‘எங்கள் பயனர்களில் இப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு’ என்ற மற்றொரு மறுமொழிக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பதில்: அன்றே நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கும் மேல். உங்கள் புள்ளிவிவரத்தில் நாங்கள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே வர முடியாதவர்களை உங்கள் செயலி எண்ணுவதில்லை என்பதே.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஒப்புதல் தருவோருக்காகக் குறிப்பிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசானாலும் தனியாரானாலும் சேவை வழங்குவோர் அணுகல்தன்மை விதிகளுக்கு உட்பட்டே சேவை தர வேண்டும் என்கிறது. மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், அடுத்த முறைகளில் ஐந்து இலட்சம் வரையும் அபராதம் உண்டு. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிர்ணயம் 2023-இல் அச்சட்டத்தின் விதிகளில் சேர்க்கப்பட்டது. அணுகல்தன்மை நெறிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த விதி 15(1), சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அதன்பின் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு வழங்கிய தீர்ப்பு உங்கள் மேசைக்கே நேராக வருகிறது. அமில வீச்சில் கண்கள் சிதைந்தவர்களால் கேமரா முன் இமைக்க முடியாது. இமைத்தால்தான் உயிருள்ளவர் என்று ஏற்கும் சரிபார்ப்புமுறை அவர்களை வங்கிக்கு வெளியே நிறுத்தியது. பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் உடன் விசாரிக்கப்பட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிமன்றம், இமைத்தலுக்கு மாற்று வழி, காலந்தோறும் அணுகல்தன்மைத் தணிக்கை உள்ளிட்ட இருபது ஆணைகளைப் பிறப்பித்தது. வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன்: ஆணை எழுதப்பட்ட நாளுக்கும் அது தெருவுக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு தலைமுறை கழிந்துவிடும். என் தாயாருக்கு அவ்வளவு காலம் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிச் செயலி ஒன்று செய்து தருகிறோம் என்று தயவுசெய்து முன்வராதீர்கள். விழாவில் வெளியிடப்பட்டு, ஆறு மாதத்தில் கவனிப்பாரற்று, பிரதானச் செயலியில் உள்ள வசதிகளில் பாதிகூட இல்லாமல் நின்றுவிட்ட அத்தகைய செயலிகள் சிலவற்றை நானே பயன்படுத்தியிருக்கிறேன். எல்லோரும் நுழையும் வாசலிலேயே எங்களுக்கும் படி வையுங்கள். சோதிப்பதற்குத் தானியங்கிக் கருவியை மட்டும் நம்பவும் வேண்டாம். பெயரில்லாத பட்டனை அது கண்டுபிடிக்கும். ஒன்பது பட்டன்களுக்கும் ‘ஐகான்’ என்றே பெயர் வைத்திருந்தால் எல்லாம் சரி என்று சான்று கொடுத்துவிடும். திரையை அணைத்து வைத்துவிட்டு, டாக்பேக் ஒலியை மட்டும் கேட்டு, உங்கள் செயலியில் ஒரு நூறு ரூபாயை அனுப்பிப் பாருங்கள். பிறகு எழுத்தை ஆகப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, அதே நூறு ரூபாயை மீண்டும் அனுப்புங்கள். பழகாத கைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அதன்பின் எங்களில் சிலரை, உரிய ஊதியம் கொடுத்து, ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் அழையுங்கள். செயலிகளை ஒப்பந்தத்தில் செய்து வாங்கும் அரசுத் துறைகள், இந்தச் சோதனையில் தேறும் வரை இறுதித் தவணையை விடுவிப்பதில்லை என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே ஒரு வரி சேர்த்தால், நான் இவ்வளவு நீளமாக எழுதியதைவிட அந்த ஒரு வரி அதிகம் செய்யும்.

மேலே சொன்ன வங்கிச் செயலியில் சென்ற மாதம் மேலும் ஒரு புதிய பதிப்பு வந்தது. ஒன்பது பட்டன்களில் ஐந்துக்கு இப்போது பெயர் இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அவருக்கு என் நன்றி. எண் பலகை இன்னும் பேசவில்லை. எங்கள் வீட்டு மின் கட்டணத்துக்குக் கடைசி நாள் இம்மாதம் 24. பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.